காட்டுக் கோவில் கற்பிக்கும் பாடம்



சென்னை மயிலாப்பூரில் லஸ் நாற்சந்தியை அறியாதவர் இல்லை. கடைகளும் வண்டிகளும் நெருக்கும் அவ்விடத்துக்கு அப்பெயர் எப்படி வந்ததென்று நினைக்கிறவர்களோ சிலரே. லூஸ் என்னும் போர்த்துக்கீசிய வார்த்தைக்கு ஒளி என்று அர்த்தம். அங்குள்ள பிரகாச மாதா கோவிலே அப்பெயருக்குக் காரணம். நம் முன்னோர் அதைக் காட்டுக் கோவில் என்றார்கள். அக்காலத்தில் அவ்விடம் மரமடர்ந்த காடாயிருந்தது.

பரம்பரையாய் வழங்கும் வரலாறு இது: கடலில் திசை தப்பிய மாலுமிகள் தேவமாதாவை நோக்கி மன்றாடினார்கள். கரையில் ஓர் ஒளி தோன்றிற்று. அதையே நோக்கிக் கப்பலைச் செலுத்திக் கரையேறினார்கள். அதன் பின்னே காட்டுக்குள் நடந்தார்கள். ஓரிடத்தில் ஒளி மறைந்தது. அங்கேயே கோவில் எழும்பிற்று.

கோவிற் கல்வெட்டு 1516 என்னும் ஆண்டைக் காட்டுகிறது. இதைக் குறித்துச் சரித்திரக்காரர் வாதாடுவதுண்டு. கல்வெட்டின்படி பார்த்தால், 1640-ல் ஆங்கிலேயர் அமைத்த கோட்டைக்கும் அது 124 வருஷம் மூத்தது.

அதன்பின் அந்தக் கரை கண்ட மாற்றங்கள் எத்தனை! 1606-ல் மயிலாப்பூர் மேற்றிராசனம் ஸ்தாபிக்கப்பட்டது. 1662-ல் கோல்கொண்டாப் படை சாந்தோமைப் பிடித்தது. 1672-ல் பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்து, இரண்டு வருஷத்தில் இழந்தார்கள். 1749-ல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1952-ல் சென்னை, மயிலாப்பூர் மேற்றிராசனங்கள் இரண்டும் ஒன்றாயின. கொடிகள் ஏறின, இறங்கின. காடும் போய்விட்டது. சிறிய கோவிலோ நிலைத்திருக்கிறது. அங்கே இன்றும் திவ்விய பலிபூசை நடக்கிறது.

பிரியமானவர்களே, இவ்வரலாற்றில் ஒரு காரியத்தைக் கவனியுங்கள். புயலில் வேண்டிக்கொள்வது பெரிய காரியமல்ல. கப்பல் ஆடும்போது எவனும் முழங்காலிடுவான். கரையேறிய பிற்பாடு என்ன செய்தார்கள் என்பதே காரியம். பசியும் களைப்புமாய் வந்தவர்கள், உயிர் தப்பினோம் என்று படுத்துறங்கியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஒளியின் பின்னே நடந்தார்கள். நன்றியைக் கல்லும் சுண்ணாம்புமாக்கி வைத்தார்கள். ஆண்டவர் குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்தவன் ஒருவனே அன்றோ?

நாமோ? பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் நவநாள் தொடங்குகிறோம். சுகமானால் ஐந்தாம் நாளே நிறுத்திவிடுகிறோம். மகனுக்கு உத்தியோகம் வேண்டி மெழுகுதிரி ஏற்றுகிறோம். உத்தியோகம் கிடைத்தபின் ஞாயிறு பூசைக்கும் நேரமில்லை என்கிறோம். இது மாதாவை ஓடக்காரியாக்கி, கரை சேர்ந்ததும் கூலியும் கொடாமல் ஓடுவதாகும்.

இன்னொன்று. ஒளி வழிகாட்டி மறைந்துபோயிற்று. அதற்குப்பின் கோவிலில் தீபம் அணையாமல் காத்தது யார்? எண்ணெய் வார்த்த கைகளும், தளம் பெருக்கிய பெண்களும், மணியடித்த கோவில்பிள்ளைகளுமே. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் தேட வேண்டாம், சர்வேசுரன் அறிவார். தலைமுறைக்குத் தலைமுறை விசுவாசம் இப்படியே வந்து சேர்ந்தது.

ஆகையால் பெற்றோரே, இவ்வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். வாங்கிய நன்மை ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: இந்த வருஷம் இந்த ஆபத்தில் மாதா நம்மைக் காப்பாற்றினாள் என்று. சொன்னபின் வீட்டார் எல்லாரும் கூடி, கேட்பதற்கென்று அல்ல, நன்றிக்கென்றே ஒரு ஜெபமாலை சொல்லுங்கள். கல்லால் கட்டும் கோவிலுக்குப் பணம் வேண்டும். இந்தக் கோவிலுக்கு மனது போதும்.

நடுக்கடலில் ஒளியாய் நின்ற தாய், நம் வீடுகளிலும் அணையாத விளக்காய் நிற்பாளாக. ஆமென்.