கைப்பிடி மண்ணும் ஒரு சர்டிஃபிகேட்டும்

திருக்கழுக்குன்றம் என்றதும் உங்களுக்கு உச்சிவேளைக் கழுகுகள் ஞாபகத்துக்கு வரும். அந்த ஜோடிக் கழுகுகள் வருவது நின்றுபோய்ப் பல வருஷங்களாகிவிட்டன. நான் சொல்ல வருவது அதைவிடப் பழைய சங்கதி.

பரத்வாஜ முனிவருக்கு ஓர் ஆசை. வேதம் முழுவதையும் படித்து முடித்துவிட வேண்டும். அதற்கு ஆயுள் போதாது என்று வரம் கேட்டு நீட்டித்துக்கொண்டார். படித்தார். போதவில்லை. மறுபடி நீட்டிப்பு. மறுபடியும் படிப்பு. கடைசியில் சிவபெருமான் மூன்று மலைகளைக் காட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிடி மண்ணை எடுத்து, நீ இதுவரை படித்தது இவ்வளவுதான், பாக்கி அங்கே மலையாக நிற்கிறது என்றாராம். தைத்திரீய பிராமணத்தில் இதே கதை இந்திரன் பெயரில் வருகிறது. திருக்கழுக்குன்றத்து ஸ்தல புராணத்தில் சிவன். வேதமே மலையாக நிற்பதால் வேதகிரி.

இந்த மலையடிவாரத்திலிருந்து தினமும் காலையில் பஸ் பிடித்து செங்கல்பட்டுக்கும், மகேந்திரா சிட்டிக்கும், சிறுசேரிக்கும் போகிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கும் மூன்று மலைகள் இருக்கின்றன. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள்.

க்ளவுட் கம்ப்யூட்டிங் என்பது ஒன்றும் மாயமில்லை. நம் ஊர் வாடகைப் பாத்திரக் கடைதான். கல்யாணத்துக்கு முந்நூறு பேர் வருகிறார்கள் என்பதற்காக யாரும் அண்டாவும் நாற்காலியும் சொந்தமாக வாங்கிப் போடுவதில்லை. இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கிறோம். அமேசான் 2006-ல் கம்ப்யூட்டர்களை இப்படி வாடகைக்கு விட ஆரம்பித்தது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் இந்தியாவில் கடை திறந்தபோது அதில் ஒரு கிளை சென்னையில். மேகம் என்று பெயர் வைத்தாலும், அது கான்கிரீட் கட்டடத்துக்குள் ஏ.ஸி. போட்டு உட்கார்ந்திருக்கிறது.

டெவ்ஆப்ஸ் என்பது அதன் இரட்டைப் பிறவி. சாஃப்ட்வேர் எழுதுகிறவர் ஒருவர், அதை இரவு பகல் ஓடவைத்துக் காவல் காப்பவர் இன்னொருவர் என்று இருந்தது. சமையற்கட்டுக்கும் பந்திக்கும் பேச்சுவார்த்தை இல்லாத கல்யாண வீடு மாதிரி, சாம்பாரில் உப்பில்லை என்றால் பரிமாறுகிறவர்தான் திட்டு வாங்குவார். இந்தச் சுவரை இடிக்க வேண்டும் என்று 2009-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் சிலர் கூடிப் பேசியபோது ஒட்டிக்கொண்ட பெயர் இது.

இந்த இரண்டையும் கற்றதற்கு அடையாளமாகச் சான்றிதழ்கள். இங்கேதான் நம் கேள்வி ஆரம்பிக்கிறது.

அமேசானின் பிரபலமான ஆர்க்கிடெக்ட் தேர்வில் 65 கேள்விகள், 130 நிமிஷம். ஆயிரத்துக்கு 720 எடுத்தால் பாஸ். பட்டியல் விலை 150 டாலர், அதாவது பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். தோற்றால் பணம் போனது போனதுதான். ஆட்டோ ஓட்டுகிற அப்பாவின் பிள்ளைக்கு இது சின்னத் தொகையில்லை. அந்த நேரத்தில் ஒரு நண்பன் வந்து காதோடு காதாகச் சொல்கிறான். "டம்ப்ஸ் இருக்குடா. அதே கேள்விதான் வரும். நாலு நாள் உருப்போட்டா போதும்."

டம்ப்ஸ் என்றால் தேர்வு எழுதியவர்கள் நினைவில் வைத்துக்கொண்டு வந்து கொட்டிய அசல் கேள்விகளும் விடைகளும். மாதிரி வினாத்தாள் வேறு, இது வேறு. தேர்வு எழுதுகிற ஒவ்வொருவரும் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். ஆகவே இது யாரோ மீறிய வாக்கை நாம் காசு கொடுத்து வாங்குவது.

"தப்புன்னு தெரியும் சார். ஆனா எல்லாரும் இப்படித்தான் பாஸ் பண்றாங்க. நான் மட்டும் யோக்கியனா இருந்து என்ன கண்டேன்?" இப்படிக் கேட்கிற பையனுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? தர்மம் தலைகாக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம். அவனுக்கு அடுத்த மாதம் வேலை வேண்டும்.

முதலில் அவன் பக்கத்து நியாயத்தைக் கேட்டுவிடலாம். இந்தக் குற்றத்தில் அவன் தனி ஆள் இல்லை. அமேசானின் கூட்டாளி நிறுவனமாக உயர்ந்த தகுதி பெற வேண்டுமென்றால், சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தலைக்கணக்கு வேண்டியிருப்பதால், இந்த மாசத்துக்குள் முடித்துவிடு என்று நெருக்குகிற மேனேஜர்கள் உண்டு. எப்படி முடித்தாய் என்று கேட்கிறவர்கள் குறைவு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஹெச்.ஆர். முதலில் தேடுவது ஒரு வார்த்தையை. அந்த வார்த்தை பயோடேட்டாவில் இல்லையென்றால் மனிதரே கண்ணில் படுவதில்லை. வாசலை இப்படிக் குறுக்கிவிட்டு, குனிந்து வருகிறவனை மட்டும் திட்டுவது நியாயமாகாது.

இரண்டாவது நியாயம் இன்னும் பலமானது. "இது வெறும் கேட் பாஸ். உள்ளே போயிட்டு வேலையைக் கத்துக்குவேன்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் பாதி தொழில்கள் அப்படிக் கற்றுக்கொள்ளப்பட்டவைதானே?

இதற்குப் பதில் தேடும்போது எனக்கு ஒரு கிரேக்கக் கிழவர் உதவிக்கு வருகிறார். ப்ளேட்டோவின் மெனோன் உரையாடலில் சாக்ரடீஸ் ஒரு கேள்வி கேட்கிறார். லாரிசா என்ற ஊருக்கு வழி தெரிந்தவன் ஒருவன். வழி தெரியாது, ஆனால் குத்துமதிப்பாகச் சரியாக நினைத்துக்கொண்டிருப்பவன் இன்னொருவன். இருவருமே சரியாகத்தான் போய்ச் சேர்வார்கள். அப்படியென்றால் தெரிவதற்கும், சரியாக நினைப்பதற்கும் என்ன வித்தியாசம்? சாக்ரடீஸ் சிலைகளை உதாரணம் காட்டுகிறார். டெடலஸ் என்ற சிற்பி செய்த சிலைகள் கட்டிப்போடாவிட்டால் எழுந்து ஓடிவிடுமாம். சரியான விடையும் அப்படித்தான். ஏன் என்ற காரணத்தோடு கட்டிப்போடாவிட்டால், வேண்டிய நேரத்தில் ஓடிவிடும்.

டம்ப்ஸில் படித்த 65 விடையும் கட்டப்படாத சிலைகள். தேர்வு அறையில் நிற்கும். நள்ளிரவு இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் ஒன்றுகூட நிற்காது.

அப்படி ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். 2017 ஜனவரி 31. கிட்லேப் என்ற நிறுவனம். உலகெங்கும் புரோகிராமர்கள் தங்கள் வேலையைச் சேமித்துவைக்கிற இடம். இரவு நேரத்தில் ஒரு பிரச்னையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இன்ஜினீயர், துணை சர்வரில் ஒரு ஃபோல்டரை அழிப்பதாக நினைத்து அசல் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் தெரிந்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட் இருந்த இடத்தில் 4.5 தான் மிச்சம். பேக்கப் இருக்குமே என்கிறீர்களா? ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. அதிர்ஷ்டவசமாக, ஆறு மணி நேரம் முன்பு வேறு காரணத்துக்காகக் கையால் எடுத்த ஒரு பிரதி இருந்தது. அதைவைத்து மீண்டார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரம் போனது போனதுதான்.

இதில் என்னைக் கவர்ந்தது அழிந்த டேட்டா இல்லை. அவர்கள் மறைக்கவில்லை. என்ன நடந்தது என்பதை நடந்துகொண்டிருக்கும்போதே உலகத்துக்கு எழுதினார்கள். பழுதுபார்ப்பதை யூடியூபில் நேரடியாகக் காட்டினார்கள். அந்த இன்ஜினீயரை வீட்டுக்கு அனுப்பவும் இல்லை. குறை ஏற்பாட்டில் என்று கண்டுபிடித்து ஏற்பாட்டைத் திருத்தினார்கள்.

இந்தத் தொழிலின் உயிர்நாடி இதுதான். தெரியாததைத் தெரியவில்லை என்றும், செய்துவிட்டதைச் செய்துவிட்டேன் என்றும் உடனே சொல்வது. ஒரு நிமிஷம் மறைத்தால் சேதம் பத்து மடங்கு. 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பழுதான ஒரு அப்டேட் ஒரே மூச்சில் எல்லா இடத்துக்கும் போய், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில்கூடப் பயணிகளுக்கு போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். முதலில் கொஞ்சம் பேருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்பு என்பது டெவ்ஆப்ஸின் அரிச்சுவடி. அரிச்சுவடியைத் தாண்டினால் ஆஸ்பத்திரியும் விமானமும் நிற்கும்.

இப்போது அந்தப் பையனிடம் திரும்பி வருவோம். உள்ளே போய்க் கற்றுக்கொள்வேன் என்றான் அல்லவா? அங்கேதான் சிக்கல். சான்றிதழ் இல்லாமல் புதிதாகச் சேர்ந்தவன் பக்கத்து சீட்டுக்காரரிடம் பத்து சந்தேகம் கேட்கலாம். "புதுப் பையன், பாவம்" என்று சொல்லிக்கொடுப்பார்கள். சான்றிதழோடு போனவன் கேட்க முடியாது. கேட்டால், இதுகூடத் தெரியாமலா பாஸ் பண்ணினாய் என்ற பார்வை வரும். ஆகவே கேட்க மாட்டான். தெரிந்த மாதிரி தலையாட்டுவான். எனக்குத் தெரியாது என்று சொல்லும் உரிமையைப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்து விற்றுவிட்டான். எந்தக் கதவைத் திறப்பதற்காக அந்தக் காகிதத்தை வாங்கினானோ, அதுவே கற்கும் கதவை அடைத்துவிட்டது.

திருட்டு என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. அது அவனுக்கு இல்லை, அவனைப் போன்றவர்களுக்கு. பெரிய கல்லூரி, பெரிய இடத்து மாமா, நுனிநாக்கு இங்கிலீஷ் எல்லாம் உள்ளவனுக்குச் சான்றிதழ் ஓர் அலங்காரம். அவை எதுவும் இல்லாத பிள்ளைக்கு அது மட்டும்தான் சிபாரிசுக் கடிதம். சென்னையிலோ சிங்கப்பூரிலோ அவனைப் பார்த்தேயிராத ஒருவர் அந்தக் காகிதத்தை நம்பி அழைக்க வேண்டும். உருப்போட்டு வாங்கியவர்கள் பெருகப் பெருக அந்தக் காகிதத்தின் மதிப்பு குறையும். குறைந்தால் மாமா இருப்பவனுக்குக் கவலையில்லை. எல்லோரும் செய்கிறார்களே என்று செய்கிறவன், தனக்கு அடுத்து வருகிற தம்பியின் ஒரே ஏணியில் ஒரு படியைப் பிடுங்குகிறான்.

அப்படியானால் தேர்வே வேண்டாமா? வேண்டும். நல்ல தேர்வு வேண்டும். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு இடங்களில் பாருங்கள். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வெறும் எழுத்துத் தேர்வு போதாது. அச்சு அசலான மாதிரி அறையில் விபத்துகளை வரவழைத்துப் பழக்குவார்கள், கேள்வி கேட்பார்கள். பிறகுதான் உரிமம், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. பட்டம் கொடுக்கிறார்கள். ஆனால் பட்டம் வாங்கியவர் உளி பிடிக்கும்போது மூக்கு உடைந்தால் கல் பொய் சொல்லாது.

கம்ப்யூட்டர் உலகிலும் இப்படித் தேர்வு உண்டு. குபெர்னெட்டிஸ் என்றொரு சங்கதி. கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவன் என்று அர்த்தம். 2017-லிருந்து அதற்கு நடக்கும் நிர்வாகித் தேர்வில் அ, ஆ, இ, ஈ என்று டிக் அடிக்க முடியாது. இரண்டு மணி நேரம். உண்மையான சிஸ்டம் ஒன்றைக் கையில் கொடுத்து, இது ஓடவில்லை, சரி செய் என்பார்கள். அதிசயம் என்னவென்றால், அதிகாரபூர்வமான கையேட்டைத் திறந்துவைத்துக்கொண்டே எழுதலாம். மனப்பாடம் தேவையில்லை என்று தேர்வு நடத்துகிறவரே சொல்லிவிட்டார். புத்தகம் திறந்திருந்தும் தெரியாதவன் தோற்கிறான். 2024 ஏப்ரலிலிருந்து அந்தச் சான்றிதழின் ஆயுளை மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்டின் பல சான்றிதழ்களுக்கு ஒரே வருஷம்தான் ஆயுள்.

இதைக் காசு பிடுங்கும் தந்திரம் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் மைக்ரோசாஃப்ட் புதுப்பிக்கக் காசு வாங்குவதில்லை. மலை வளர்ந்துகொண்டே இருக்கிறது, போன வருஷத்துக் கைப்பிடி மண்ணைக் காட்டி மலையைத் தெரியும் என்று சொல்லாதே என்பதுதான் அதன் அர்த்தம். பரத்வாஜருக்குச் சொன்ன அதே பதில்.

அப்பா ஆட்டோ ஓட்டுகிற வீட்டில் என்ன செய்ய முடியும்? நிறையச் செய்யலாம். 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு க்ளவுட் பாடங்கள் வந்திருக்கின்றன. லினக்ஸ் இலவசம். குபெர்னெட்டிஸைச் சாதாரண லேப்டாப்பிலேயே சின்ன அளவில் ஓட்டிப் பார்க்கலாம். அமேசானில் பழகக் கணக்கு திறந்தால் முதல் வேலையாகச் செலவு இவ்வளவைத் தாண்டினால் எச்சரிக்கும்படி அலாரம் வைத்துவிட வேண்டும். அணைக்க மறந்த சர்வர், திறந்துவிட்ட தண்ணீர்க் குழாய்.

பிறகு ஒன்றைக் கட்டிப் பாருங்கள். தெருமுனைக் கடைக்கு ஒரு விலைப்பட்டியல் தளம் போதும். கட்டியதை நீங்களே உடையுங்கள். பேக்கப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள். எங்கே தடுக்கியது என்பதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். மூன்று மாதத்தில் அந்த நோட்டு நிரம்பும். இன்டர்வியூவில் ஒன்று தெரியாவிட்டால், "தெரியாது, ஆனா இப்படிக் கண்டுபிடிப்பேன்" என்று சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்துக்கு வேலை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொடுக்காதவர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன். நேர்மையாகப் படிப்பவனுக்கு வேலை மூன்று மாதம் தள்ளிப் போகலாம். அந்த மூன்று மாத வட்டியை யார் கட்டுவது என்பது நிஜமான கேள்வி. அதற்கு வேதாந்தத்தில் பதில் இல்லை. சான்றிதழை எண்ணாமல் ஆளைச் சோதித்துப் பார்க்கும் நிறுவனங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆட்களை வேலைக்கு எடுக்கும் நாற்காலியில் இதைப் படிக்கிற நீங்கள் உட்கார்ந்திருந்தால், அடுத்த முறை வருகிற பிள்ளையிடம் எத்தனை சான்றிதழ் என்று கேட்பதற்கு முன், கடைசியாக நீ எதை உடைத்தாய், எப்படிச் சரி செய்தாய் என்று கேளுங்கள்.

டம்ப்ஸில் அந்தக் கேள்வி இருக்காது.