விலகி நிற்கும் அன்பு

நோயுற்றோரைச் சந்தித்தல் இரக்கச் செயல்களுள் ஒன்று என்று மறைக்கல்வி வகுப்பிலேயே கற்றவர்கள் நாம். சந்தித்தல் என்றால் அருகில் செல்லுதல் என்றே பொருள் கொண்டோம். ஆனால் அன்புடையோர் அனைவரும் அறையை விட்டு வெளியேறிய பின்னரே தொடங்கக்கூடிய மருத்துவம் ஒன்று உண்டு. மூக்கின் பின்புறத்திலும் தொண்டையிலும் தோன்றும் சில புற்றுநோய்களுக்கு அளிக்கப்படும் உட்கதிர் மருத்துவமே அது.

வெளியிலிருந்து பாய்ச்சப்படும் கதிர், செல்லும் வழியில் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தாக்கக்கூடும். அவை நலிந்தால் ஒரு கவளம் சோற்றை விழுங்குவதற்கும் தண்ணீர் தேட வேண்டியிருக்கும். உட்கதிர் மருத்துவத்திலோ கதிர்தரும் பொருளே கட்டியின் அருகில் கொண்டுசெல்லப்படுகிறது. தொலைவு இருமடங்கானால் கதிரின் வலிமை ஏறத்தாழ நான்கில் ஒன்றாகும். ஆகவே அப்பாலுள்ள உறுப்புகள் பெரிதும் தப்புகின்றன. வெளிக்கதிர் முறைகள் நுட்பமடைந்துவிட்ட இந்நாளில், மூக்கின் பின்புறப் புற்றுக்கு இம்முறை எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. எஞ்சி நிற்கும், அல்லது மீண்டும் தலைகாட்டும் சிறு கட்டிகளுக்கே பெரிதும் கருதப்படுகிறது.

1898-இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்தனர். சில ஆண்டுகளிலேயே அது மருத்துவர் கைக்கு வந்தது. நாவில் புற்று கண்டவருக்கு ரேடிய ஊசிகளைச் செருகிப் பல நாள்கள் அப்படியே வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அந்நாள்களில் நோயாளிக்கு உணவூட்டவும் வாய் கழுவவும் செவிலியர் அருகில் சென்றாக வேண்டும். நோயாளிக்கு மருந்தான கதிரை அவர்களும் சிறிது சிறிதாக ஏற்றனர். ரேடியத்தோடே வாழ்ந்த மேரி கியூரி, 1934-இல் எலும்பு மச்சை நலிந்து இறந்தார்.

அச்செவிலியரைத் தியாகிகள் என்று போற்றிவிட்டு அமைதி கொள்வது எளிது. நமக்கோ மனம் ஒப்பவில்லை. தெரிந்து, மனமுவந்து தருவதே தியாகம். பணிக்கு வந்தவரின் உடலிலிருந்து அவர் அறியாமலே எடுத்துக்கொள்வதற்கு அப்பெயர் பொருந்துமா? நோயாளியின் உடல் கடவுளின் ஆலயமெனில், செவிலியின் உடலும் ஆலயந்தானே!

இக்கேள்வியை அறிவியலாரும் தம் வழியில் கேட்டிருக்க வேண்டும். இன்று வெறுங்குழாயே முதலில் பொருத்தப்படுகிறது. அனைவரும் வெளியேறிக் கதவு மூடிய பின்னரே, மெல்லிய கம்பியின் நுனியில் இருக்கும் இரிடியம்-192, காப்புப் பெட்டகத்திலிருந்து பொறியின் இயக்கத்தால் உள்ளே செல்கிறது. குறித்த இடங்களில் நின்று, சில நிமிடங்களில் திரும்பிவிடுகிறது. வெளியே இருப்போர் ஒளித்திரையில் நோயாளியைப் பார்த்தபடி இருக்கின்றனர். வேண்டுமாயின் இடையிலேயே நிறுத்தவும் இயலும்.

எனினும் அந்தச் சில நிமிடங்களின் தனிமையை நாம் சிறிதென்று சொல்லத் துணியோம். மூக்கு வழியே குழாய் செருகப்பட்டுக் கிடப்பவருக்கு நிமிடத்தின் நீளம் வேறு. கதவை மூடுமுன், ஏன் விலகுகிறோம், எப்போது திரும்புவோம், எங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்போம் என்று எடுத்துரைக்க ஒருவர் வேண்டும். பொறி அதைச் சொல்லாது.

உண்மையில் நம்மை உறுத்துவது வீட்டில் நேரும் விலகலே. கதிர் ஏற்றவர் என்பதால் தனித் தட்டு, தனிப் பாய், பேரக்குழந்தையைத் தூக்கத் தடை! இம்முறையில் கம்பி திரும்பியதும் உடலில் கதிர் ஏதும் எஞ்சுவதில்லை. மருத்துவர் சில நிமிடங்கள் விலகி நின்றது அறிவினால். நாம் மாதக்கணக்கில் விலகி நிற்பது எதனால்? அவருடைய தட்டில் நம் கையால் சோறு பிசைந்து, தொண்டை நோகாதபடி மோர் சற்றுக் கூடுதலாக ஊற்றி, உண்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க இப்போது தடையேதும் இல்லை.