கையெழுத்துப் போட்டவன் பேசக்கூடாதா?

‘நீதானே கையெழுத்துப் போட்டே?’ என்கிற கேள்விக்கு நம் ஊர்களில் வயது அதிகம். பண்ணை வீட்டுத் திண்ணையில், வட்டிக்கடையில், செங்கல் சூளை மேஸ்திரியிடம், கடைசியில் காவல் நிலையத்தில் என்று எங்கே போனாலும் நம்மாட்களின் வாயை அடைக்க இந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்திருக்கிறது. எழுதத் தெரியாத காலத்தில் கைநாட்டு. படித்துவிட்டால் இதிலிருந்து தப்பித்துவிடலாம் என்று நம்பித்தான் நம் அப்பன் ஆத்தா நம்மைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஆனால் படித்தவனையும், அதிலும் இங்கிலீஷைத் தாய்ப்பாலோடு குடித்தவனையும்கூட இதே கேள்வி மடக்கிப்போடுகிறது. தென்கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் ஆங்கிலம் கற்பிக்கப் போகிற அமெரிக்க, கனடா, இங்கிலாந்து வாத்தியார்களின் ஒப்பந்தங்களை முன்வைத்து இதைப் பேச விரும்புகிறேன்.

‘வெள்ளைக்காரன் ஏமாந்தா நமக்கென்ன தோழர்?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் பிறகு வரும்.

கொரியாவில் தெருவுக்குத் தெரு ‘ஹக்வான்’ என்கிற தனியார் டியூஷன் பள்ளிகள் உண்டு. அங்கே ஆங்கிலம் கற்பிக்க ‘ஈ-2’ என்றொரு விசா. அந்த விசா ஆசிரியரின் பேரில் இருந்தாலும் அதன் கயிறு முதலாளியின் கையில் இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேறு பள்ளிக்கு மாற வேண்டுமென்றால் பழைய முதலாளி ‘விடுவிப்புக் கடிதம்’ தரவேண்டும். தரமாட்டேன் என்றால், நாட்டைவிட்டுப் போ, அல்லது வாயை மூடிக்கொண்டு வேலை செய். இந்த ஒரு கயிறு இருப்பதால்தான் ஒப்பந்தத்தின் மற்ற விதிகள் எல்லாம் பல் முளைத்து நிற்கின்றன.

அந்தப் பற்களைக் கொஞ்சம் பார்ப்போம். ஆறு மாதத்துக்குள் விலகினால் விமானக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். முதல் சில மாதச் சம்பளத்தில் ஒரு தொகையை ‘டெபாசிட்’ என்று பிடித்து வைப்பார்கள். ஒரு வருஷம் முழுசாக வேலை பார்த்தவருக்கு ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகத் தர வேண்டும் என்பது கொரியச் சட்டம். அதற்காகவே பத்தாவது, பதினோராவது மாதத்தில் வேலையை விட்டு நீக்குகிற பள்ளிகள் உண்டு. பணிக்கொடையும் மிச்சம், திரும்பும் டிக்கெட்டும் மிச்சம். இன்னொரு தந்திரம், காலையிலிருந்து இரவுவரை முதலாளி சொன்ன வகுப்பில் சொன்ன புத்தகத்தை நடத்துகிற ஆசிரியரைக் காகிதத்தில் ‘சுயதொழில் செய்பவர்’ என்று எழுதிக்கொள்வது. 3.3 சதவீத வரியைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் போதும், ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு இவற்றில் முதலாளியின் பங்கைக் கட்டாமல் தப்பிக்கலாம்.

இவ்வளவுக்கும் அந்த நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. கொரியத் தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு அபராதம் என்று முன்கூட்டியே எழுதி வாங்குவதைத் தடுக்கிறது. 15ஆவது பிரிவு, சட்டத்தின் தரத்துக்குக் கீழான ஒப்பந்த விதி அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. செல்லாத விதியை ஏன் அச்சடிக்கிறார்கள்? படிப்பவனுக்கு அது செல்லாது என்று தெரியாதே, அதற்காகத்தான். தெரிந்தவனும் வழக்கு முடியும்வரை எந்த விசாவில் எந்தச் சோற்றைத் தின்று காத்திருப்பான்? ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு, நியாயமில்லாத பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பும் பொருந்தாது.

ஆக, சம்பளம் கைக்கு வந்த அன்று ராத்திரியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆசிரியர்கள் மத்தியில் இதற்கு ‘நள்ளிரவு ஓட்டம்’ என்றே பெயர். பண்ணையை விட்டு ராவோடு ராவாகப் பெண்டு பிள்ளைகளுடன் ஓடிப்போன நம் தாத்தாக்களுக்கு இந்தப் பெயரை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஜப்பானில் வேறு விதம். 29.5 மணி நேரம் என்று ஒப்பந்தம் போடுவது அங்குள்ள ஆங்கில உரையாடல் பள்ளிகளின் பழக்கமாக இருந்தது. முப்பதைத் தொட்டால் காப்பீடு கட்ட வேண்டிவரும் என்பது அன்றைய கணக்கு. அந்த அரை மணி நேரத்தில் இருந்தது சூட்சுமம். ‘நோவா’ என்கிற மிகப் பெரிய நிறுவனம் ஆசிரியர்கள் வகுப்புக்கு வெளியே மாணவர்களோடு பழகவே கூடாது என்று விதி வைத்திருந்தது. அது மனித உரிமை மீறல் என்று ஒசாகா வழக்கறிஞர் சங்கம் 2004இல் சொன்னது. சேர்ந்து பழகாதே என்பதை ஒரு ஒப்பந்த விதியாகவே எழுத முடிகிறது, பாருங்கள். 2007 அக்டோபரில் நோவா திவாலானபோது சுமார் 4000 வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளமில்லாமல் நின்றார்கள். வீட்டு வாடகை என்று சம்பளத்தில் பிடித்த பணத்தையே வீட்டுக்காரனுக்குக் கட்டாமல் விட்டதால் பலருக்குக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. ஆனாலும் ஒரு வித்தியாசம். ஜப்பானிய விசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டதில்லை. எனவே அவர்களால் வேறு வேலை தேடிக்கொண்டு அங்கேயே இருக்க முடிந்தது. கெடுதல் செய்வதில் இரண்டு நாட்டு முதலாளிகளும் சளைத்தவர்களில்லை. கதவு திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

என் வாதம் இதுதான். ஒரு ஒப்பந்தம் நியாயமானதா என்பதற்கு உள்ளே போகும்போது போட்ட கையெழுத்து சாட்சியாகாது. வெளியே வர என்ன விலை என்பதைப் பார்க்க வேண்டும். சம்மதம் என்பது ஒருநாள் நடந்து முடிந்த சம்பவமில்லை. ‘வேண்டாம், போகிறேன்’ என்று எந்த நாளும் சொல்ல முடிகிறபோதுதான் அன்றைய வேலை சம்மதத்தோடு செய்த வேலை.

இதை நான் தத்துவப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கப்பல் ஏறியவர்களும் ஒப்பந்தக் கூலிகள்தான். அவர்களில் சேரிகளிலிருந்து போனவர்களும் உண்டு. ஐந்து வருஷ ஒப்பந்தம். சம்மதம் பெற்றோம் என்று பதிவேட்டில் எழுத ஒரு அதிகாரியும் இருந்தார். அங்கே போன பிறகு அனுமதிச் சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு நகர்ந்தால் கைது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் சுதந்திரமாக இருக்க நினைத்தால் வருஷத்துக்கு மூன்று பவுன் தலைவரி என்று 1895இல் சட்டம் போட்டார்கள். 1914இல்தான் அது ஒழிந்தது. இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு முறை. கூலிகளின் கடனை எழுதி, இந்தக் கடனைக் கட்டுகிற துரை இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று தரப்படும் காகிதம் அது. துண்டு இல்லாமல் தோட்டம் மாற முடியாது. 1921இல் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கொரியாவின் விடுவிப்புக் கடிதத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இந்தத் துண்டுதான். நம் நாட்டிலேயே, முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போன கூலியைச் சிறைக்கு அனுப்ப 1859ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருந்தது. ஒப்பந்தத்தை முதலாளி மீறினால் அது உரிமையியல் வழக்கு, கூலி மீறினால் குற்றம்!

நேட்டால் கரும்புத் தோட்டத்தையும் சியோலின் குளிரூட்டிய வகுப்பறையையும் நான் சமப்படுத்துகிறேனா என்றால், இல்லை. அந்த ஆசிரியருக்குத் தூதரகம் உண்டு, திரும்பிப் போக வீடு உண்டு, சாட்டை கிடையாது. காகிதத்தின் தர்க்கம் ஒன்றுதான் என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். அந்த ஈ-2 விசாவுக்குத் தகுதி என்ன? ஒரு பட்டம் வேண்டும், எந்தப் பாடமானாலும் சரி. அதோடு அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் ஒன்றின் குடிமகனாக இருக்க வேண்டும். எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்த நம் பிள்ளைக்கு அந்த வாசல் பொதுவாகச் சாத்தித்தான் இருக்கிறது. பிறப்பால் தொழில் என்பது வேறெதுவாம்? விண்ணப்பத்தோடு புகைப்படமும் கேட்பது வழக்கம். அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தும் நிறத்துக்காக மறுக்கப்பட்டதாகக் கறுப்பின ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதே சமயம், பிறப்பால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர்களையே அந்த நாடு தீட்டாகவும் பார்த்தது. 2007இலிருந்து ஈ-2 ஆசிரியர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். கொரிய ஆசிரியர்களுக்கும் கொரிய வம்சாவளியினருக்கும் அது கிடையாது. மறுபடியும் பரிசோதனை செய்ய மறுத்த நியூசிலாந்து ஆசிரியை ஒருவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழுவரை போனார். 2015இல் குழு அவர் பக்கம் நின்றது. 2017இல் கொரியா அந்த விதியைக் கைவிட்டது. ரத்தத்தைச் சோதித்துத்தான் வகுப்பறைக்குள் விடுவேன் என்பதை எதிர்த்து நின்ற அந்தப் பெண் வெள்ளைக்காரியா இல்லையா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. சலுகை பெற்றவர்களும் கட்டுப்பட்டிருக்க முடியும். அந்தக் கட்டுக்குள்ளாவது நுழைய மாட்டோமா என்று வெளியே நிற்பவர்கள் ஏங்கவும் முடியும். முதலாளிக்கு வசதியாக இருப்பது இந்த இரண்டாவது கூட்டம்தான்.

அண்ணல் அம்பேத்கர் 1947இல் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலில் இதைத் தொடுகிறார். வேலையில்லாதவனிடம் ஒரு பக்கம் வேலையையும் மறுபக்கம் அடிப்படை உரிமைகளையும் வைத்தால் அவன் எதை எடுப்பான் என்று கேட்கிறார். அரசு விலகி நின்றால் கிடைக்கும் சுதந்திரம் யாருடைய சுதந்திரம் என்றும் கேட்கிறார். 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்குக் கட்டடம் கட்டிய தொழிலாளர்கள் வழக்கில் உச்சநீதிமன்றம், பசியும் வறுமையும் தள்ளிச் செய்ய வைக்கிற வேலையும் அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்பில் சேரும் என்றது. கையெழுத்துக்குப் பின்னால் வயிறு இருக்கிறது என்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்ட அபூர்வமான தருணம் அது.

எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி. எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். மாலத்தீவில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை வேலை என்று ஏஜென்ட் கொடுத்த அக்ரிமென்ட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். தமிழ் எம்.ஏ.காரனிடம் இங்கிலீஷ் டீச்சர் ஒப்பந்தம். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தோம். இரண்டு வருஷம். இடையில் விலகினால் மூன்று மாதச் சம்பளம் கட்ட வேண்டும். அசல் சான்றிதழ்கள் நிர்வாகத்திடம் இருக்கும். நான் பேச ஆரம்பித்தேன். அவள் குறுக்கே வந்தாள். “ண்ணா, இங்க இருக்கிற மெட்ரிக் பள்ளிக்கூடத்துல எட்டாயிரம் குடுத்துட்டு எல்லா சர்ட்டிபிகேட்டையும் வாங்கி வச்சிக்கிறான், சாதிச் சான்றிதழ் உட்பட. அங்கயும் வாங்கி வைப்பான், ஆனா ஏழு மடங்கு சம்பளம். போடாதேன்னு சொல்றீங்களா?”

போடாதே என்று எப்படிச் சொல்வது? அப்படிச் சொல்கிற உரிமை, எட்டாயிரத்துக்கு வேலை பார்க்காதவனுக்கு இல்லை. மோசமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது அவமானமும் அல்ல, முட்டாள்தனமும் அல்ல. கையெழுத்துப் போட்ட பிறகும் அது அநியாயம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தெரியாத அறம் நமக்கு உதவாது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் வகுத்த முறையில், பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போதுதான் அவர்களது ஒப்பந்தத்தை அரசு அதிகாரி பார்த்து அனுமதிக்க வேண்டும். படித்தவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்பது அதன் நினைப்பு. முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கிய பிள்ளையின் கையில் அந்தப் பட்டமே பாதுகாப்பைப் பறிக்கும் காகிதமாகிறது. செவிலியர், ஆசிரியர் என்று நம் பிள்ளைகள் இத்தனை பேர் வெளிநாடு போகிற காலத்தில் நம் இயக்கங்கள் இதை ஒரு கோரிக்கையாகக்கூட எழுப்பியதாக எனக்கு நினைவில்லை.

அவளுக்காக இரண்டு வரி மட்டும் மாற்றிக் கேட்டோம். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் அபராதமில்லாமல் விலகலாம். அசல் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். ஏஜென்ட் சிரித்தான். “இது அச்சடிச்ச ஃபாரம் சார். உங்க பொண்ணு போடலைன்னா பின்னாடி நாப்பது பேரு நிக்குது.” அவள் என்னைப் பார்க்கவில்லை. பேனாவை வாங்கி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள், மொத்தம் ஒன்பது பக்கம். எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு செட்டை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது.