ஆணைக்கு அடங்காத அமைதி

நான்காம் வகுப்பு அறை. புதிதாக வந்த ஆசிரியர் கதவையும் ஜன்னல்களையும் சாத்திவிட்டு, மாணவர்களை அமைதியாக அமரச் சொல்கிறார். மௌனத்தின் இனிமையைக் குழந்தைகள் உணர வேண்டும் என்பது அவரது விருப்பம். ஆனால் சில கணங்களிலேயே எங்கும் சிரிப்பு, கூச்சல். ஆசிரியர் மனம் சோர்ந்து அன்றைக்கு விடுமுறை அளித்துவிடுகிறார். பிள்ளைகள் ஆரவாரத்துடன் ஓடுகிறார்கள். தலைமையாசிரியரோ அவரைக் கடிந்துகொள்கிறார்.

குஜராத்தின் கல்வியாளர் கிஜுபாய் பதேகா எழுதிய 'திவாஸ்வப்னம்' (பகற்கனவு) என்ற நூலில் வரும் முதல் நாள் இது. 1885-இல் பிறந்த அவர் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவர். தம் மகனின் கல்வியைப் பற்றிய சிந்தனை அவரை மாண்டிசோரி அம்மையாரின் வழிமுறையிடம் கொண்டு சேர்த்தது. 1920-இல் பாவ்நகரில் பால மந்திர் என்ற குழந்தைகள் பள்ளியைத் தொடங்கினார். 1939-இல் மறைந்த அவரை இன்றும் 'மீசை வைத்த அம்மா' என்றே குஜராத் மக்கள் நினைவுகூர்கிறார்கள்.

கதையில் வரும் அந்த வகுப்பறையில் அன்று கற்றுக்கொண்டவர் யார்?

ஆசிரியர் பிரம்பை எடுத்திருக்கலாம், அறை அடங்கியிருக்கும். பிள்ளைகள் திருந்தாதவர்கள் என்று முடிவு கட்டியிருக்கலாம். அவரது மனம் ஆறியிருக்கும். இரண்டையும் விடுத்து, தம் முறையில் இருந்த குறையை அவர் ஆராய்ந்தார். பழக்கமே இல்லாத குழந்தைகளிடம் முதல் நாளிலேயே மௌனத்தை எதிர்பார்த்தது தமது பிழை என உணர்ந்தார். மறுநாள் ஒரு கதையுடன் வகுப்பிற்குள் நுழைந்தார். கட்டளைக்கு அடங்காத பிள்ளைகள் கதைக்குத் தாமாகவே அடங்கினர்.

இது குழந்தைகளுக்கு இடம் கொடுத்துக் கெடுப்பதாகாதா என்ற ஐயம் எழலாம். அச்சத்தால் வரும் ஒழுங்கு, அச்சமூட்டுபவர் அகன்றதும் அகன்றுவிடுகிறது. சுவையால் வரும் ஒழுங்கோ உள்ளிருந்து எழுகிறது. அந்த ஆசிரியர் கதையோடு நின்றுவிடவில்லை. நகம், உடை ஆகியவற்றின் தூய்மையிலும் வாசிப்பிலும் பிள்ளைகளைப் படிப்படியாகப் பழக்கினார். அன்பினால் திறந்த கதவின் வழியே கட்டுப்பாடும் உள்ளே வந்தது.

ஆன்மிக சாதகனின் உள்ளமும் ஒரு தொடக்கப் பள்ளி வகுப்பறையே. அவன் பூஜையறையின் கதவைச் சாத்துகிறான், கண்களை மூடுகிறான், 'அமைதியாக இரு' என மனத்திற்குக் கட்டளையிடுகிறான். அந்தக் கணமே அதுவரை இல்லாத கூச்சலெல்லாம் உள்ளே எழுகிறது. அவன் மனத்தைச் சபிக்கிறான், அல்லது தியானம் தனக்கு இயலாது என்று எழுந்துவிடுகிறான்.

மனத்தை அடக்குவது காற்றை அடக்குவது போலக் கடினம் என்று அர்ஜுனன் கீதையின் 6-ஆம் அத்தியாயத்தில் முறையிடுகிறான். பகவான் அதை மறுக்கவில்லை; பயிற்சியாலும் வைராக்கியத்தாலும் அது கைகூடும் என்கிறார். சிறிது சிறிதாக அமைதியை அடையும் வழியையும் அதே அத்தியாயத்தில் காட்டுகிறார். நாமஜபமும் இறைவனின் திருக்கதைகளும் அந்தப் பயிற்சியின் தொடக்கப் பாடங்கள். கதையின் சுவையில் ஒன்றிய குழந்தையைப் போலவே, இறைவனின் நினைவில் சுவை கண்ட மனமும் மெல்ல அடங்கக் கற்கிறது.

தோற்ற நாளின் மாலையில் பிறர்மீது குறை காணாமல் தன்னை ஆராய்பவனே மறுநாள் கற்பிக்கத் தகுதி பெறுகிறான். அவனுக்கு வாய்த்த மாணவன் ஒரு குழந்தையாக இருந்தாலும், அவனது சொந்த மனமாகவே இருந்தாலும், இதுவே முதல் பாடம்.