அடைக்கலப் பொருளும் கணினிப் பதிப்பும்

பினாங்கு ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவர் புது மடிக்கணினி வாங்கும்போது, விண்டோஸில் ஹோம் பதிப்பா, புரோ பதிப்பா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஹோம் போதும் என்பதே வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை. அதன் அடியில் நல்ல அறம் ஒன்று இருக்கவே செய்கிறது. தேவைக்கு மேல் சேர்ப்பதைச் சமணம் கடிந்தது. வீண்விரயத்தை இஸ்லாம் விலக்கியது. சைவமும் வைணவமும் போதுமென்ற மனத்தைப் பெரும் பேறாகக் கருதின. இருந்தும் அந்த அறத்தை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது பொருந்தாது என்பேன். போதுமா என்று கேட்கும் உரிமை எனக்கு என் பொருளின் மீதுதான் உண்டு. அடுத்தவர் நம்பி என்னிடம் விட்டுவைத்ததைப் பற்றி அப்படிக் கேட்க முடியாது. ஆகவே கடைக்காரர், தனக்கு எது தேவை என்று தொடங்காமல், தன் கணினிக்குள் யார் யாருடைய பொருள் இருக்கிறது என்று தொடங்க வேண்டும்.

இரண்டு பதிப்புகளுக்கும் வேகத்தில் வேறுபாடு இல்லை. புரோ என்ற பெயரில் மயங்கி வீட்டுக் கணினிக்கு அதை வாங்குவது வீண்செலவுதான்; ஹோம் பதிப்பே 128 ஜிபி நினைவகம் வரை ஏற்கும், அதில் கால்வாசிகூடப் பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டியதில்லை. வேறுபாடு காவலிலும் ஆளுகையிலும் இருக்கிறது. வட்டை மட்டுமல்லாமல் பென்டிரைவையும் மறையாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கரை முழுமையாக ஆள்வது புரோவில்தான் முடியும். கணினியில் எதை அனுமதிக்கலாம், எதைத் தடுக்கலாம் என்று விதிகள் வகுக்கும் குரூப் பாலிசியும் அதில்தான் உண்டு. நகைக்கடை, நாணய மாற்றுக் கடை, உம்ராவுக்கும் சபரிமலைக்கும் ஆட்களை அனுப்பும் பயண முகவர் அலுவலகம் போன்ற இடங்களில் வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண், கடப்பிதழ் நகல், முகவரி எல்லாம் கணினியில்தான் சேர்கின்றன. வட்டைப் பூட்டாத கணினியைத் திருடியவர் அந்த வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் அத்தனையும் திறந்துகொள்ளும். நுழைவுக் கடவுச்சொல் அங்கே எதையும் தடுக்காது. கடைக்காரர் இழப்பது ஓர் இயந்திரம். வாடிக்கையாளருக்கோ தன் பெயரில் யாரோ மோசடி செய்யும் அபாயம் ஆண்டுக்கணக்கில் நீளும். ஹோம் போதும் என்று முடிவெடுப்பவர் ஒருவர், அதன் விளைவைச் சுமப்பவர் வேறொருவர் என்பதுதான் இதை அறக்கேள்வியாக்குகிறது.

இந்தத் தெருக்களுக்கு இது புதிய கடமை அல்ல. பினாங்கு ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகள் நடந்த காலத்தில், ஒரே நீண்ட கூடத்தில் பல வட்டிக்கடைகள் அடுத்தடுத்து இருந்தன. கூடம் பொது, ஆனால் அவரவருக்குத் தனிப் பெட்டி, தனிக் கணக்கு. சற்றுத் தள்ளிக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் தொழும் தமிழ் முஸ்லிம்களுக்கு அமானிதம், அதாவது நம்பி ஒப்படைத்ததைக் காப்பது, மார்க்கக் கடமை. நபிகள் நாயகம் மக்காவை விட்டு 622இல் புறப்பட்டபோது, தம்மிடம் இருந்த அமானிதப் பொருள்களை உரியவர்களிடம் திருப்பித் தர அலியை அங்கேயே விட்டுச் சென்றதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஊரே பகையான வேளையிலும் அந்த ஊராரின் பொருள் பத்திரமாகத் திரும்பியாக வேண்டும் என்று நபிகள் கருதினார். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கண்ணகியின் கணவன் கோவலனின் கொலையில் மாதரிக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனாலும் அடைக்கலம் காக்கத் தவறினோம் என்று அவள் தீப்புகுந்து இறக்கிறாள். அந்த முடிவை யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. தன்மேல் குற்றமில்லை என்ற சமாதானம் அவளுக்குப் போதவில்லை என்பதை மட்டும் கவனிக்கலாம். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வணிகர்மீது இந்தக் காவற்பொறுப்பைச் சுமத்துகிறது. தரவுக் கசிவை அறிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது.

ஹோம் பதிப்பிலும் சாதன மறையாக்கம் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான மறுப்புதான். விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் புதுப்பிப்புக்குப் பிறகு அது இன்னும் பல கணினிகளில் தானாகவே இயங்குகிறது. ஆனால் அது மைக்ரோசாப்ட் கணக்கோடு பிணைந்தது. மீட்புச் சாவி அந்தக் கணக்குக்குப் போய்ச் சேர்கிறது. கணக்கு கடையில் வேலை பார்த்து விலகிப்போன பையனின் பெயரில் இருந்தால் சாவியும் அவனிடம்தான். மாலையில் கடையின் வரவுசெலவுக் கணக்குகளை நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் பென்டிரைவை ஹோம் பூட்டித் தராது. சிறு கடைகளில் தரவு தொலைவதற்கு அந்தப் பென்டிரைவ் போதும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஹோமிலிருந்து புரோவுக்கு மாற மறுபடி நிறுவ வேண்டியதில்லை. அமெரிக்காவில் 99 டாலர் கட்டினால், உரிமச் சாவி மாறியதும் அடைபட்ட வசதிகள் திறக்கின்றன. கொடுத்தாலும் குறையாத ஒன்றை மறித்துவைத்து விற்பது சரியா? திருக்கோட்டியூர் நம்பியிடம் பெற்ற மந்திரத்தைக் கோயில் மேலேறி எல்லோருக்கும் உரைத்த இராமானுசரின் கதையைப் போற்றும் நமக்கு இந்தக் கேள்வி உறைக்க வேண்டும். மென்பொருளை உருவாக்கச் செலவாகிறது, வசதியுள்ளவர் கூடுதலாகக் கொடுப்பதால்தான் மற்றவர்க்கு மலிவாகிறது என்ற பதிலில் உண்மை இருக்கிறது. மெய்நிகர் கணினி இயக்கும் ஹைப்பர்-வி போன்றவற்றுக்கு அதை ஏற்கிறேன். காவலுக்கு ஏற்க மாட்டேன். அடிப்படைப் பூட்டைத் தரம்பிரித்து விற்பது அந்த நிறுவனத்தின் பழி. ஆனால் விற்றவர் பழி காப்பவர் கடமையைத் துடைத்துவிடாது. அதே காரணத்தால், இணையத்தில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் சந்தேகமான உரிமச் சாவியை வாங்கி அடைக்கலத்தைப் பூட்டுவதையும் ஒப்ப முடியாது. பணம்தான் தடை என்றால் நேர்மையான வழி இருக்கிறது: லினக்ஸில் முழு வட்டு மறையாக்கம் இலவசம், கடையின் கணக்கு மென்பொருள் அதில் ஓடுமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். புரோவே வாங்கினாலும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியை அச்சிட்டுக் கணினியிலிருந்து தனியே வைத்து, கடையில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு திறக்கும் அரைநாள் வேலை பாக்கி இருக்கிறது.