ஏலத்தில் எடுத்த பலாப்பழம்

அம்பத்தூரில் இருக்கும் நண்பர் ஒருவர், அவர்கள் சர்ச்சில் நடந்த அறுப்பின் பண்டிகைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். அம்பத்தூரில் ஏதய்யா அறுப்பு என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் கேட்டேன். டன்லப், டி.ஐ. சைக்கிள்ஸ் என்று 1950-களிலேயே தொழிற்சாலைகள் வந்துவிட்ட ஊர். வயலெல்லாம் மனையாகிப் பல காலம் ஆயிற்று. ஆனாலும் ஆல்டர் முன்னால் நெற்கதிர், கரும்பு, வாழைத்தார், பூசணிக்காய், கால் கட்டிய சேவல்! பாதி கோயம்பேட்டுச் சரக்கு. இருக்கட்டுமே, மாதச் சம்பளக்காரனுக்குச் சம்பளம்தானே விளைச்சல்?

ஆராதனை முடிந்ததும் ஏலம். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு அம்மா, கிண்ணத்தில் நாலு நாட்டுக்கோழி முட்டை வைத்திருந்தார். அது ஐம்பது ரூபாய்க்குப் போனது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்து ஒரு பலாப்பழம். "சும்மா ஒரு தொகை சொல்லுங்க சார்" என்று நண்பர் இடித்தார். போட்டி ஏறியது, எனக்கும் வீம்பு ஏறியது. 2,100 ரூபாய்! மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு இனித்ததே, அதை உங்களிடம் மறைப்பானேன்.

ராத்திரி தூக்கம் வராமல், இந்தப் பழக்கத்தின் வேர் எங்கே என்று பைபிளைப் புரட்டினேன். லேவியராகமம். பழைய இஸ்ரவேலர் கடவுளுக்கு எதை, எப்படிப் படைக்க வேண்டும் என்ற கணக்கு வழக்கு. படிக்க அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்தாம் அதிகாரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆட்டுக்குட்டி கொடுக்க வசதி இல்லையா, இரண்டு புறா போதும். அதற்கும் வழி இல்லையா, சுமார் இரண்டு லிட்டர் மாவு. மூன்றுக்கும் ஒரே மன்னிப்புதான். ஆடு கொடுத்தவனுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடையாது. மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவைக் கோவிலுக்குத் தூக்கிப் போனபோது, ஏழைக்கு விதித்த புறாக் கணக்கில்தான் பலி கொடுத்தார்கள். முட்டைக் கிண்ணம் ஞாபகம் வந்தது.

அதைவிட என்னை மடக்கியது ஏழாம் அதிகாரம். நன்றி சொல்லிக் கொடுக்கும் ஸ்தோத்திர பலியின் இறைச்சியை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும். விடியும்வரை மிச்சம் வைக்கக் கூடாது. ஏன் இந்த அவசரம்? யோசித்துப் பாருங்கள். ஒரு மாட்டை ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்ன முடியுமா? நாலு பேரைக் கூப்பிட்டே ஆக வேண்டும்! யாரைக் கூப்பிடுவது? பண்டிகைச் சந்தோஷத்தில் வேலைக்காரர், வெளியூர்க்காரர், விதவை, அநாதை எல்லோருக்கும் பங்கு உண்டு என்று உபாகமம் பட்டியலே போடுகிறது. கி.பி. 70-ல் ரோமானியர் எருசலேம் கோவிலை இடித்ததோடு அங்கே பலியும் நின்றுபோனது. பட்டியல் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

நமக்கு இது புதுசா என்ன? ஆடி மாதம் அம்மன் கோவிலில் ஊற்றுகிற கூழை யாராவது நாளைக்கு என்று எடுத்து வைப்பார்களா? பொழுது சாய்ந்தால் புளித்துப்போகும். தூக்குவாளியோடு யார் வந்து நின்றாலும் ஊற்றித்தான் ஆக வேண்டும். இப்போது அண்டாவுக்குப் பக்கத்தில், ஊற்றியவர் கைகூப்பி நிற்கிற பேனரும் முளைத்துவிட்டது. கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. மைக்கில் பெயர் கேட்டு இனித்தவன் நான்.

காலையில் எழுந்தால் வீடு முழுக்கப் பலா வாசனை. நன்றாகப் பழுத்துவிட்டது, இன்றைக்கு விட்டால் அழுகிவிடும். வீட்டில் நானும் மனைவியும் இரண்டே பேர். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்தோம். மூன்று பாத்திரம் நிறையச் சுளை.

"யார் யாருக்குக் கொடுக்கிறது?" என்றாள்.

எட்டு வருஷமாக அதே அபார்ட்மென்ட். எதிர்வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியவில்லை. படிக்கட்டு பெருக்குகிற அம்மாவின் பெயரும் தெரியவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், எதிர்வீட்டு பெல்லை அழுத்தினேன்.