சங்குப்பூவும் நாளைய கவலையும்



கவலைப்படாதீர்கள் என்று சொல்ல வந்த ஆண்டவர் காட்டுப் பூவைக் காட்டினார். சாலமோன் அரசரின் பகட்டெல்லாம் அதற்கு ஈடாகாது என்றார். இன்று பூத்து நாளை அடுப்புக்குப் போகிற செடிக்கே இந்த உடை என்றால், உங்களைக் கடவுள் விட்டுவிடுவாரா என்று கேட்டார்.

நம் வீட்டு வேலிகளிலும் நீலச் சங்குப்பூ படர்ந்து கிடக்கிறது. காலையில் விரிந்த பூ மறுநாளைக்குள் சுருண்டுவிடும். அந்த ஒரு நாள் பூவைக் கொண்டு இப்போது பல வீடுகளில் ஜெல்லி செய்கிறீர்கள். நல்ல பழக்கம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, பச்சைக் காம்பு கிள்ளிய பூக்கள் இருபதைப் போட்டு மூடிவையுங்கள். பத்து நிமிடத்தில் பூ வெளுத்து, தண்ணீர் நீலமாகியிருக்கும். வடிகட்டி, 5 கிராம் அகர் அகர் தூளும் 100 கிராம் சர்க்கரையும் கலந்து, தூள் முழுக்கக் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும்; புளிப்போடு சேர்ந்து கொதித்தால் ஜெல்லி சரியாக உறையாது. சாறு விழுந்த இடத்திலிருந்து நீலம் மெல்ல ஊதாவாகும். தவக்காலத்தில் குருவின் திருவுடையில் நாம் பார்க்கும் நிறம். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அதுவும் ஒரு மறைக்கல்விதான். ஒன்றில் மட்டும் கவனம்: பூச்சிமருந்து அடித்த பூ வேண்டாம், நன்றாகத் தெரியாத பூவும் வேண்டாம். அரளி அழகுதான், ஆனால் விஷம்.

இந்த ஜெல்லியைச் சேர்த்துவைக்க முடியாது. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இரண்டு மூன்று நாள்தான். பாலைநிலத்தில் பெய்த மன்னாவை நினைத்துப் பாருங்கள். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுக்கச் சொன்னார் கடவுள். மறுநாளுக்கென்று பதுக்கியதில் புழு வைத்தது. நாளைக்கு இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் மனிதன் பதுக்குகிறான். அடுத்தவன் பங்கும் அதில் போய்விடுகிறது.

இந்த ஜெல்லிக்குப் பூ நிறத்தைத்தான் கொடுக்கிறது. உறையவைப்பது கடல்பாசி. நம் நாட்டில் அகர் அகர் செய்ய மன்னார் வளைகுடாவில் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி பயன்படுகிறது. பாம்பன், இராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து அதைப் பிய்த்தெடுக்கிறார்கள். துணி சுற்றியும் விரல் கிழியும். மாதத்தில் சில நாள் மட்டுமே பாசி எடுப்பது, மற்ற நாள்களில் அதை வளரவிடுவது என்று அந்தப் பெண்களே கூடிப் பேசிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களை ஒன்றுதிரட்டிய லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. அன்றாடங்காய்ச்சிகள் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள், சகோதரங்களே. எனக்கு இதைவிடப் பெரிய விசுவாச அறிக்கை தெரியவில்லை.

அந்தத் தாய்மாரிடம் போய், "கவலைப்படாதீங்கம்மா" என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆண்டவரும் அதை வெறுமனே சொல்லவில்லை. கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒருசேர ஊழியம் செய்ய முடியாது என்று சொன்ன கையோடுதான் பூவைப் பற்றிப் பேசினார். ஆகவே அந்த வார்த்தை, வீட்டில் இருப்பு வைத்திருந்தும் உறக்கம் வராத நமக்குத்தான் முதலில். இல்லாதவரின் கவலையைத் தந்தை தீர்ப்பது பெரும்பாலும் இன்னொருவர் கைவழியாக. அந்தக் கை நம்முடையதாக இருக்கலாம்.

அடுத்த ஞாயிறு அன்பியத்துக்கு ஒரு தட்டு ஜெல்லி செய்துகொண்டு வாருங்கள். விற்பனைக்கு வேண்டாம். திருப்பலி முடிந்ததும், கோயிலுக்கு வர முடியாமல் படுத்திருக்கும் நம் முதியோர் வீடுகளுக்கு எடுத்துப்போவோம். கூடவே, அவர்களுக்கு மருந்து வாங்கப் பணம் இருக்கிறதா என்றும் கேட்டுவாருங்கள். பாசி எடுக்கும் பெண்களை இன்றைய மன்றாட்டில் சேர்த்திருக்கிறோம்.

இப்போது எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.